ராட்டினத்தை விலைக்கு வாங்கலாம், எலியை?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் கொஞ்சம் வசதியான வீட்டுப் பிறந்தநாள் விழா என்றால் வாசலில் ஒரு மிக்கி மவுஸ் நிற்கும். உள்ளே இருப்பவர் தினக்கூலிக்கு வந்த யாரோ ஒருவர். வேர்த்து விறுவிறுத்து, குழந்தைகளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் சோட்டா பீம், ஸ்பைடர்மேன் என்று தெர்மகோல் கட்அவுட்டுகள். ஆடி மாதப் பொருட்காட்சிக்குப் போனாலும் இதே கூட்டம்தான். கொலம்பஸ் கப்பலின் நெற்றியில் ஒரு டொனால்ட் டக், குட்டி ரயிலின் மூஞ்சியில் ஒரு டோரா.

இதில் எவருக்கும் ஒரு பைசா உரிமைத்தொகை போவதில்லை. ராட்டினக்காரருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆனால் இதே பொம்மைகளுக்காக உலகின் இரண்டு பெரிய கம்பெனிகள் கிட்டத்தட்ட நூறு வருடமாக அடித்துக்கொள்கின்றன. அந்தச் சண்டையில் நம்மூர்க்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது.

ஒரு முயலில் ஆரம்பித்த கதை

மிக்கி மவுஸ் பிறந்ததே ஓர் ஏமாற்றத்தில்தான். வால்ட் டிஸ்னி அதற்கு முன் உருவாக்கியது ஆஸ்வால்ட் என்ற முயலை. படங்கள் நன்றாக ஓடின. 1928ல் படத்துக்குக் கொடுக்கும் தொகையை உயர்த்திக் கேட்கப் போனபோதுதான் அவருக்கு உறைத்தது: முயல் அவருடையது இல்லை, யூனிவர்சலுடையது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. வரைந்தவர் கையில் பென்சில் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகு வந்ததுதான் மிக்கி. இந்த முறை உரிமையை அவர் யாரிடமும் விடவில்லை.

ஆஸ்வால்ட் டிஸ்னி வீட்டுக்குத் திரும்பி வர 2006 வரை ஆனது. வந்த விதம் இன்னும் வேடிக்கை. டிஸ்னியின் தொலைக்காட்சியில் இருந்த ஆல் மைக்கேல்ஸ் என்ற விளையாட்டு வர்ணனையாளர் யூனிவர்சலின் என்.பி.சி.க்குப் போக விரும்பினார். அவரை விட்டுக்கொடுத்ததற்குப் பதிலாக டிஸ்னி வாங்கிக்கொண்டவற்றில் இந்த முயலும் ஒன்று! ஓர் ஆளைக் கொடுத்து ஒரு கார்ட்டூனை வாங்குகிறார்கள் என்றால் கார்ட்டூனின் மதிப்பு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த வீட்டுக்குள் வர முடியாத ஸ்பைடர்மேன்

அடுத்த கூத்து மார்வெல். 1994ல், டிஸ்னிக்கும் மார்வெலுக்கும் சம்பந்தமே இல்லாத காலத்தில், தன் கதாபாத்திரங்களைப் பூங்காக்களில் பயன்படுத்தும் உரிமையை மார்வெல் யூனிவர்சலுக்கு எழுதிக்கொடுத்தது. 1999ல் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் யூனிவர்சல் திறந்த புதிய பூங்காவில் ஸ்பைடர்மேனுக்கும் ஹல்க்குக்கும் தனிப் பகுதியே அமைந்தது. பத்து வருடம் கழித்து, 2009ல், டிஸ்னி சுமார் 400 கோடி டாலருக்கு மார்வெலையே விலைக்கு வாங்கிவிட்டது. ஆனால் பழைய ஒப்பந்தம் சாகவில்லை.

விளைவு? ஸ்பைடர்மேன் காமிக்ஸின் சொந்தக்காரர் டிஸ்னி. அதே ஆர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி பூங்காவுக்குள் ஸ்பைடர்மேன் ராட்டினம் வைக்க முடியாது. சில மைல் தள்ளி இருக்கும் போட்டிக் கம்பெனியின் பூங்காவில்தான் அவர் தொங்கிக்கொண்டிருக்கிறார். 2021ல் கலிஃபோர்னியாவில் அவெஞ்சர்களுக்கு ஒரு வளாகமே கட்டிய டிஸ்னி, 2022ல் ஆர்லாண்டோவில் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' ராட்டினம் ஒன்றைத்தான் திறக்க முடிந்தது. யூனிவர்சலின் பிடிக்குள் வராத கோஷ்டி அது. ஜப்பானில் மட்டும் யூனிவர்சலின் ஸ்பைடர்மேன் ராட்டினம் 2024 ஜனவரியில் மூடப்பட்டது.

மற்ற காய்நகர்த்தல்களும் இதே கணக்குத்தான். யூனிவர்சல் 2010ல் ஹாரி பாட்டரைக் கொண்டுவந்தது. டிஸ்னி 2011ல் அவதாருக்கு உரிமம் வாங்கியது, 2012ல் ஸ்டார் வார்ஸ் கம்பெனியையே வாங்கியது. யூனிவர்சல் நின்டெண்டோவோடு கைகோத்து 2021ல் ஒசாகாவில் மரியோவுக்கு ஓர் உலகம் கட்டியது. இரும்புத் தண்டவாளத்தை எந்தக் கம்பெனியும் ஆர்டர் கொடுத்து வாங்கிவிடலாம். ஹாரி பாட்டரை அப்படி வாங்க முடியாது. ராட்டினம் பழசாகும். கதாபாத்திரம் பழசாகாது.

நம்மூர்ப் பூங்காக்கள் எதில் போட்டி போடுகின்றன?

சரி, இதற்கும் சேலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்.

தமிழ்நாட்டிலும் பூங்காக்களுக்குள் போட்டி உண்டு. வி.ஜி.பி., கிஷ்கிந்தா, எம்.ஜி.எம். டிஸ்ஸி வேர்ல்டு, குயின்ஸ்லாந்து, மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் என்று பள்ளிச் சுற்றுலா பஸ்கள் போன இடங்கள் எல்லோருக்கும் தெரியும். பெங்களூருவில் 2005 முதல் இருக்கும் வொண்டர்லா, 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே இள்ளலூரிலும் திறந்துவிட்டது. இவர்களின் விளம்பரங்களைப் பாருங்கள். எத்தனை ராட்டினம், எவ்வளவு உயரம், எத்தனை ஏக்கர். போட்டி முழுக்க இரும்பிலும் தண்ணீரிலும்தான். அடுத்த வருடம் இன்னொருவர் பத்து அடி உயரமாகக் கட்டினால் கதை முடிந்தது.

கதாபாத்திரத்தின் அருமை இங்கே தெரியாமலும் இல்லை. வி.ஜி.பி.யில் ஆடாமல் அசையாமல் நிற்கும் சிலை மனிதரை நினைத்துப் பாருங்கள். அங்கே ஏறிய ராட்டினத்தின் பெயரை மறந்தவர்கள்கூட அவரைச் சிரிக்கவைக்க முயன்று தோற்றதை மறப்பதில்லை. அவருக்கு எந்த அமெரிக்கக் கம்பெனியும் உரிமம் தரவில்லை. கிஷ்கிந்தா என்ற பெயரும் அப்படித்தான். ராமாயணத்து வானர நாட்டின் பெயரை வைக்க எவருக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை.

சேலத்தின் கதையோ இன்னும் வருத்தமானது. 1935ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இந்த ஊரிலிருந்து நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956ல் இங்கிருந்துதான் வந்தது. 1970ல் 'சி.ஐ.டி. சங்கர்' வந்தது. திருடர் குகையும் துப்பறிவாளர்களும் தயாரான ஊர் இது. இன்று ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு நிற்கிறது. ஹாலிவுட்டில் ஒரு ஸ்டுடியோ தன் வாசலைத் திறந்துவிட்டு டிக்கெட் போட்டது, அதுதான் யூனிவர்சல் பூங்கா. சேலத்தில் பஸ் ஜன்னல் வழியாக வளைவை எட்டிப் பார்த்துவிட்டு ஏற்காட்டுக்குப் போய்விடுகிறோம்.

"பசங்களுக்கு ஸ்பைடர்மேன்தான் பிடிக்கும்"

இப்படி ஒரு பதில் உடனே வரும். பாதி உண்மைதான். ஆனால் 2008ல் ஹைதராபாத்தின் கிரீன் கோல்ட் நிறுவனம் சோட்டா பீமைக் கொண்டுவந்தபோது என்ன நடந்தது? மகாபாரதத்துப் பீமன் எவருடைய சொத்தும் இல்லை. ஆனால் ஆரஞ்சு வேட்டி கட்டி லட்டு தின்னும் அந்தப் பொடியனுக்குச் சொந்தக்காரர் உண்டு. பொதுவில் கிடக்கும் கதையை எடுத்து, தனக்கென ஓர் உருவம் கொடுத்தால் அந்த உருவம் கொடுத்தவருக்குச் சொந்தம். இவ்வளவுதான் சூத்திரம்.

தமிழில் அப்படி எடுக்க ஆளா இல்லை? கல்கி 1954ல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 வருடம் வரைதான் பதிப்புரிமை. ஆக, வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் இன்று எல்லோருக்கும் பொது. மணியம் வரைந்த படங்களையோ மணிரத்னம் படத்தின் தோற்றத்தையோ நகல் எடுக்கக் கூடாது, அது வேறு விஷயம். புதிதாக வரைந்துகொள்ள எந்தத் தடையும் இல்லை. வேதாளமும் விக்கிரமாதித்தனும் காத்திருக்கிறார்கள். ஒரு பூங்காவில் இருட்டுக் குகை ராட்டினத்துக்கு வேதாளத்தைவிடப் பொருத்தமான ஆள் உண்டா?

அதற்காக மிக்கி உடை போட்ட கூலிக்காரர் மீது வழக்குப் போட வேண்டும் என்பதல்ல. பிறந்தநாள் வாசலில் நிற்பவரால் டிஸ்னி ஏழையாகிவிடாது. கம்பெனிகளின் பேராசையும் குறைந்ததல்ல. 1928ம் வருடத்து மிக்கியின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2024 ஜனவரி 1ல்தான் முடிந்தது. பின்னால் வந்த மிக்கிகளில் பலவற்றுக்கு இன்னும் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் ஆளுக்குப் பல நூறு ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்கும் ஓர் இடம் திருட்டு உருவத்தைச் சுவரில் வரைந்தால், அது டிஸ்னிக்குச் செய்யும் நஷ்டத்தைவிட உள்ளூர் ஓவியருக்குச் செய்யும் நஷ்டம் பெரிது. இலவசமாக மிக்கி கிடைக்கும்போது காசு கொடுத்துப் புது உருவம் வரையச் சொல்ல யாருக்குத் தோன்றும்?

கடைசி பெஞ்சில் வரைபவர்களுக்கு

ஒவ்வொரு வகுப்பிலும் நோட்டின் பின்பக்கத்தில் எதையாவது வரைந்துகொண்டே இருக்கும் ஒருவர் உண்டு. அவர் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் 1957ம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் இருக்கின்றன. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருடம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, உரிமை திரும்பிவிடும். ஆனால் சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது அந்த வேலையாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லை என்றால், முதலாளிக்கே சொந்தம். ஆஸ்வால்ட் முயல் போனதுபோல ஓர் உருவம் கைவிட்டுப் போகாமல் இருக்க இந்த நாலைந்து வரி போதும்.

பூங்கா முதலாளிகளும் ஒன்றைச் செய்யலாம். அடுத்த ராட்டினத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஓர் ஓவியருக்கும் ஒரு கதாசிரியருக்கும் கொடுத்து, விற்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் பனியனுக்கும் அவர்களுக்குப் பங்கு என்று எழுதிக்கொடுக்கலாம். 'மொத்தமா வாங்கிக்கிறோம், கையெழுத்துப் போடுங்க' என்ற பழக்கம் இருக்கிறவரை நல்ல உருவம் எதுவும் வராது. வந்தாலும் நிலைக்காது.

ஃபேர்லேண்ட்ஸ் பிறந்தநாள் வாசலில் என்றைக்காவது ஒரு வந்தியத்தேவன் குட்டிக் குதிரையோடு நின்று கை கொடுத்தால், உள்ளே இருப்பவருக்கு அப்போதும் வேர்க்கத்தான் செய்யும். ஆனால் அந்த உருவத்துக்கான காசு அமெரிக்காவுக்குப் போகாது. அதை வரைந்த யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும்.