இருபுறமும் எழும்பிய சுவர்

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. அடுத்த மூன்று வாரங்களில் இரண்டு தடைப் பட்டியல்கள் போட்டி போட்டுக்கொண்டு நீண்டன. ஒன்று மேற்குலகினுடையது. போர் தொடங்கிய மறுநாளே யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலிருந்து ரஷ்யா விலக்கப்பட்டது. 28ஆம் தேதி ஃபிஃபா ரஷ்யக் கால்பந்து அணிகளை இடைநீக்கம் செய்தது. டிஸ்னியும் வார்னர் பிரதர்ஸும் புதுப் படங்களை அங்கே வெளியிடுவதை நிறுத்தின. மார்ச் 6 அன்று நெட்ஃபிளிக்ஸ் கடையைக் கட்டியது.

இன்னொரு பட்டியல் கிரெம்ளினுடையது. 1990 முதல் பேசிக்கொண்டிருந்த ‘எக்கோ ஆஃப் மாஸ்கோ’ வானொலியின் வாயை அடைத்தார்கள். மார்ச் 4 அன்று ஃபேஸ்புக்கை முடக்கினார்கள். ராணுவத்தைப் பற்றிப் ‘பொய்ச் செய்தி’ பரப்பினால் 15 ஆண்டுகள் வரை சிறை என்று அன்றைக்கே சட்டம் வந்தது. போரைப் போர் என்று சொல்வதற்கே பயப்படும் நிலை. மார்ச் 14 அன்று இன்ஸ்டாகிராமும் போயிற்று.

இரண்டின் நோக்கமும் நேரெதிர் என்பதில் சந்தேகமில்லை. ஒன்று ஆக்கிரமிப்புக்குக் காட்டிய எதிர்ப்பு. மற்றது ஆக்கிரமிப்பை மூடிமறைக்கும் ஏற்பாடு. ஆனால், மாஸ்கோவில் போரை வெறுத்த ஒரு கல்லூரி மாணவருக்கு இரண்டும் சேர்ந்து எழுப்பியது ஒரே சுவர்தான். தன் மக்களை வெளியுலகிலிருந்து துண்டிக்க விரும்பிய அரசுக்கு, வெளியுலகமே பாதி வேலையை முடித்துக்கொடுத்தது.

இதற்கு ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. மார்ச் 3 அன்று ‘டோஷ்த்’ என்ற சுயேச்சைத் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டது. ஊழியர்கள் போர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோவிலிருந்து வெளியேறினார்கள். பிறகு திரையில் வந்தது சைக்கோவ்ஸ்கியின் ‘அன்னப்பறவை ஏரி’ பாலே. ரஷ்யர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1991 ஆகஸ்ட்டில் கோர்பச்சேவுக்கு எதிராகச் சதிப்புரட்சி நடந்தபோது, செய்தியை மறைக்க அரசுத் தொலைக்காட்சி ஓட்டியது அதே பாலேயைத்தான். செய்தியை மூடப் பயன்பட்ட திரையே இப்போது செய்தியைச் சொன்னது.

அதே மாதத்தில், வேல்ஸில் கார்டிஃப் பில்ஹார்மோனிக் இசைக்குழு தன் நிகழ்ச்சியிலிருந்து சைக்கோவ்ஸ்கியின் ‘1812’ படைப்பை நீக்கியது. பீரங்கி முழக்கத்தோடு ரஷ்ய வெற்றியைக் கொண்டாடும் அந்த இசை அந்த நேரத்துக்குப் பொருந்தாது என்ற காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், 1893இல் இறந்துபோன ஒருவரின் இசையை மாஸ்கோவில் எதிர்ப்பாளர்கள் ஆயுதமாக எடுத்தபோது, மேற்கில் அது சங்கடமாகத் தெரிந்தது. மிலான்-பிக்கோக்கா பல்கலைக்கழகம் சர்ச்சையைத் தவிர்க்க தஸ்தயேவ்ஸ்கி பற்றிய வகுப்புகளைத் தள்ளிவைத்து, கண்டனம் கிளம்பியதும் பின்வாங்கியது. தஸ்தயேவ்ஸ்கியோ, தடை செய்யப்பட்ட ஒரு கடிதத்தை நண்பர்களிடையே வாசித்ததும் குற்றமாகச் சேர, 1849இல் ஜார் அரசால் கொலைக்களம் வரை கொண்டுபோகப்பட்டு, பின்பு சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர்.

எல்லாத் தடைகளையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. யூரோவிஷனுக்குப் பாடகரை அனுப்பிவந்தது ரஷ்ய அரசு ஒலிபரப்பு நிறுவனம். கால்பந்து அணி தேசியக் கொடியோடு களமிறங்குகிறது. அங்கே தடை அரசின் மேல்தான் விழுகிறது. 2014இல் கிரிமியா இணைப்பை ஆதரித்துக் கையெழுத்திட்ட ரஷ்ய இசை நடத்துநர் வலேரி கெர்கியேவை, போரைக் கண்டிக்க மறுத்ததற்காக மியூனிக் இசைக்குழு நீக்கியதையும் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் துகான் சோக்கியேவின் கதை வேறு. மாஸ்கோவின் பல்ஷோய் அரங்கிலும் பிரான்ஸின் துலூஸ் இசைக்குழுவிலும் தலைமைப் பொறுப்பு வகித்த அவரிடம், எந்தப் பக்கம் என்று சொல்லும்படி துலூஸ் நகர நிர்வாகம் நெருக்கியது. அவர் இரண்டு பதவிகளையுமே உதறினார். இரண்டு மேடைகளுக்கும் இடையே இருந்த ஒரு பாலம் அறுந்தது.

உக்ரைனியர்கள் இந்த வாதத்தைக் கேட்டால் கோபப்படுவார்கள். 1876இல் உக்ரைனிய மொழியில் நூல் அச்சிடுவதற்கும் நாடகம் போடுவதற்கும் ஜார் அரசு தடை விதித்ததை அவர்கள் மறக்கவில்லை. ‘மகத்தான ரஷ்யப் பண்பாடு’ என்பது அவர்களுக்கு அதிகாரத்தின் இன்னொரு முகம். குண்டு விழும் ஊரில் இருப்பவரிடம் நிதானத்தை எதிர்பார்க்கும் உரிமை நமக்கில்லை.

ஆனால் அங்கேயும் மாற்றுக் குரல் எழுந்தது. கிழக்கு உக்ரைனின் டான்பாஸ் போரைப் படமாக்கிய உக்ரைனிய இயக்குநர் செர்கேய் லோஸ்னித்சா, ரஷ்யப் படையெடுப்பு பற்றிய ஐரோப்பியத் திரைப்பட அகாடமியின் அறிக்கை மழுப்பலாக இருக்கிறது என்று சொல்லி அதிலிருந்து விலகினார். அதே மனிதர், போரை எதிர்க்கும் ரஷ்ய இயக்குநர்களையும் சேர்த்து ஒதுக்கக் கூடாது என்றார். கடவுச்சீட்டைப் பார்த்து மனிதரை எடைபோடாதீர்கள் என்பது அவர் வாதம். மார்ச் நடுவில் உக்ரைன் திரைப்பட அகாடமி அவரை நீக்கியது.

தமிழ் வாசகருக்கு இது தொலைதூரச் சங்கதி அல்ல. சோவியத் அரசின் பிரச்சார நிதியில் மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிறுவனத்தின் வழியே மலிவு விலையில் வந்த ருஷ்ய நூல்களில் வளர்ந்த தலைமுறை இங்கே உண்டு. அனுப்பிய அரசின் கணக்கு ஒன்று. டால்ஸ்டாயிடமும் கோகோலிடமும் நம்மவர்கள் எடுத்துக்கொண்டது வேறொன்று. அந்த அரசு போய்விட்டது, நூல்கள் இருக்கின்றன.

போரின் முதல் வாரங்களில் எதையாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பு தூரத்தில் இருப்பவர்களைப் பிடித்துக்கொள்கிறது. பீரங்கி கைக்கு எட்டாதபோது இசைத்தட்டு எட்டுகிறது. ஒரு படைப்பை ஒதுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதனால் போர் நடத்துபவருக்கு நட்டமா, அவர் வாயடைக்க நினைக்கும் குடிமக்களுக்கு நட்டமா? பின்னதே விடையென்றால், அந்தத் தடை நம் மனச்சாட்சிக்கு ஆறுதல் தரலாம். ஆதாயம் தணிக்கை அதிகாரிக்குத்தான்.