செத்தவர் சண்டைக்கு வந்த விந்தை

பழைய புத்தகம் என்றால் அதில் உள்ளதெல்லாம் உண்மை என்று நம்பிவிடும் வழக்கம் புராணம் படிக்கிறவர்களிடத்தில் மாத்திரம் இருப்பதல்ல; சரித்திரம் படிக்கிறவர்களிடத்திலும் தாராளமாய் இருக்கின்றது. ரோமாபுரித் தளபதி ஜூலியஸ் சீசர், இன்றைய பிரான்சும் பெல்ஜியமும் அடங்கிய காலியா தேசத்தைத் தாம் ஜெயித்த விபரத்தைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். வாதியும் அவரே, சாட்சியும் அவரே, தீர்ப்பு எழுதினவரும் அவரே. தோற்றவர்கள் எழுதி வைத்தது ஒன்றுமில்லை.

அப்புத்தகத்தில் வரும் நெர்வியர் என்னும் கூட்டத்தாரின் சங்கதியை மாத்திரம் எடுத்துக் கொள்ளுவோம். இவர்கள் பெல்ஜியத்திலும் அதையடுத்த வட பிரான்சிலும் குடியிருந்த பெல்கர்களில் ஒரு வகுப்பார். அயல்நாட்டு வியாபாரிகளை உள்ளே விடமாட்டார்களாம். திராட்சை மதுவும் சுகபோகச் சாமான்களும் மனிதனைக் கோழையாக்கும் என்று தள்ளி வைத்தார்களாம். இதைச் சொல்லுகிறவர் அவர்களுடைய எதிரியே.

கி.மு. 57-ல் ஓர் ஆற்றங்கரையில் ரோமர்கள் பாசறை போட்டுக்கொண்டிருக்கையில், போதுவோக்னாட்டஸ் என்பவன் தலைமையில் நெர்வியர்கள் ஆற்றைத் தாண்டிப் பாய்ந்தார்கள். சீசரே ஒரு சிப்பாயின் கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு முன்வரிசைக்கு ஓட வேண்டியதாயிற்று. பத்தாவது படை வந்து சேர்ந்த பின்புதான் ரோமர்களுக்கு மூச்சு வந்தது. நெர்வியர்களோ, முன்னே நின்றவன் விழ விழ, அப்பிணத்தின் மேல் ஏறி நின்று, தங்கள் மேல் எறிந்த ஈட்டிகளையே எடுத்துத் திருப்பி எறிந்து மடிந்தார்கள்.

சண்டை முடிந்ததும், சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்த கிழவர்கள் ஆள் அனுப்பிச் சரணடைந்தார்களாம். சபைப் பெரியவர்கள் 600 பேரில் 3 பேரும், ஆயுதம் தூக்கக்கூடிய 60,000 பேரில் 500 பேருமே மிஞ்சினார்கள் என்று அவர்கள் சொன்னதாக சீசர் எழுதுகிறார். உடனே அவர் மனமிரங்கி நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாராம். இரக்கமுள்ளவராய்க் காணப்பட வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்ததாக அவரே ஒப்புக்கொள்ளுவதுதான் வேடிக்கை!

இவர்களுக்குத் துணையாகப் புறப்பட்ட அதுவதுசியர் என்பவர்களின் கோட்டையும் அதே வருஷத்தில் பிடிபட்டது. சரணடைந்த பின் இரவில் வெளிவந்து தாக்கினார்கள் என்று சொல்லி 53,000 பேரை ஒரே ஏலத்தில் அடிமைகளாய் விற்றார். இந்த எண்ணிக்கை வாங்கினவர்கள் கொடுத்தது. பணம் கொடுத்து வாங்குகிறவன் தலையை எண்ணாமலா விடுவான்? ஆகையால் செத்தவர் கணக்கைவிட விற்றவர் கணக்கையே நாம் அதிகமாய் நம்புகிறோம். இவ்வளவும் கேட்ட ரோமாபுரி செனட் சபையார் தெய்வங்களுக்கு நன்றி சொல்ல 15 நாள் திருவிழா நடத்தினார்கள்! அதுவரை எவருக்கும் அவ்வளவு நாள் நடத்தியதில்லையாம்.

நிற்க, செத்தவர் கணக்கைச் சற்றுப் பரிசோதிப்போம். சண்டைக்கு முன் நெர்வியர்கள் 50,000 பேர் அனுப்புவதாக வாக்களித்திருந்தார்கள் என்று அதே புத்தகம் சொல்லுகின்றது. வந்தது 50,000 என்றால் செத்தது எப்படி 59,500 ஆகும்? போகட்டும். கி.மு. 54-ல் இதே நெர்வியர்கள் முன்னின்று, குவிண்டஸ் சிசரோ என்ற ரோமத் தளபதியின் பாசறையை முற்றுகையிடுகிறார்கள். மண்வெட்டி இல்லாமல் வாளால் மண்ணை வெட்டி, கையாலும் போர்வையாலும் சுமந்து, மூன்று மணி நேரத்திற்குள் அகழியும் கரையும் எழுப்புகிறார்கள். ஐந்நூறு பேரா இதைச் செய்தது? மூன்று வருஷத்தில் பிறந்த குழந்தைகளா செய்தது? அடுத்த வருஷம் சீசர் மறுபடியும் அந்நாட்டில் புகுந்து ஆடுமாடுகளையும் ஆட்களையும் பிடித்து, வயல்களைப் பாழாக்குகிறார். கி.மு. 52-ல் அலேசியா முற்றுகையை உடைக்க நெர்வியர்கள் ஐயாயிரத்துக்குக் குறையாமல் ஆள் அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடாகிறது.

நெர்வியர் பட்ட துன்பம் பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களை அடியோடு அழித்ததாகப் பறை சாற்றினால் ரோமாபுரியில் செல்வாக்கு ஏறும். எண்ணிப் பார்க்க அங்கிருந்து யாரும் காட்டுக்குப் போகப் போவதில்லை. பிற்காலத்துச் சக்கரவர்த்திகளின் சேனையிலோ நெர்வியர் பட்டாளம் என்று பெயர் கொண்டவையே பல இருந்தன. பிரிட்டனில் காவலுக்கு நிறுத்தியிருந்த அப்பட்டாளங்களுக்கு, அந்த ஐந்நூறு பேரின் வீட்டிலிருந்துதான் ஆள் எடுத்தார்களோ என்னவோ!