பெட்டி ரெடி... பாலிசி ரெடியா?

ஆடித்தபசு பார்த்த கையோடு, சங்கரன்கோவிலில் இருந்து சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள் அப்பாவும் அம்மாவும். டிக்கெட், விசா தயார். ஊறுகாய்கூட பெட்டியில் ஏறிவிட்டது. மருத்துவக் காப்பீடு?

"அதான் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கே!" என்பார்கள். அது வெளிநாட்டு மருத்துவமனையில் செல்லாது. நாம் எடுத்திருக்கும் வழக்கமான ஹெல்த் பாலிசியும் பெரும்பாலும் இந்தியாவுக்குள்தான். பயணக் காப்பீட்டைத் தனியாக, ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கட்டாயம். கட்டாயம் இல்லாத நாடுகளுக்குப் போகும்போதுதான் பலரும் கோட்டை விடுகிறோம்.

விண்ணப்பத்தில் முக்கியமான கேள்வி, 'ஏற்கெனவே ஏதாவது நோய் உண்டா?' பிரீமியம் ஏறுமே என்று சுகரையும் பிரஷரையும் மறைக்காதீர்கள். அங்கே மாரடைப்பு வந்தால், டாக்டர் முதலில் கேட்பது "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றுதான். மறைத்தது தெரிந்தால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்:

* பழைய நோய்க்கு முழு சிகிச்சையா, உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு மட்டுமா, எதுவுமே இல்லையா?
* பில்லில் முதலில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை எவ்வளவு?
* நோயாளியை இந்தியாவுக்குக் கொண்டுவரும் செலவு உண்டா?
* பயணம் நீண்டால் பாலிசியை நீட்டிக்கலாமா?

பாலிசி எண், 24 மணி நேர உதவி எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் பர்ஸில் வையுங்கள். அவசரத்தில் போனைத் தேட நேரமிருக்காது!