தனியார் தொலைக்காட்சியும் செவ்வியல் இசையும்: ஐதராபாத்தை முன்வைத்து ஒரு மறுப்பு

முன்னுரை

அரசுத் தொலைக்காட்சி பேணி வளர்த்த செவ்வியல் இசையையும் ஆடலையும் தனியார் தொலைக்காட்சிகள் வணிக நோக்கால் விலக்கி வைத்தன என்னும் கருத்து இசைத்தமிழ் குறித்த உரைகளில் மெய்ப்பிக்கத் தேவையற்ற உண்மைபோல் திரும்பத் திரும்பக் கூறப்பட்டு வருகிறது. இக்கூற்றின் முற்பகுதி மிகை, பிற்பகுதி பிழை. செவ்வியல் இசை விலக்கப்படவில்லை. அதனை மதிப்பிடும் அளவுகோலே மாற்றப்பட்டது. 1990களில் ஐதராபாத்திலிருந்து ஒளிபரப்பாகிய ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் கொண்டு இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொற்காலம் என்னும் புனைவு

மைய அமைச்சர் பி.வி. கேஸ்கர் 1952இல் திரையிசையை அகில இந்திய வானொலியினின்று அகற்ற முற்பட்டார். நேயர்கள் செவ்வியல் இசைக்குத் திரும்பவில்லை. இலங்கை வானொலிக்குத் திரும்பினர். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டது அத்தோல்வியின் மறைமுக ஒப்புதலே எனலாம். நல்லிசையை வழங்குதல் வேறு. அதனைக் கேட்கும் செவியை உருவாக்குதல் வேறு என்பதை அரசு ஊடகம் உணரவில்லை.

சென்னையில் 1975இலும் ஐதராபாத்தில் 1977இலும் தொடங்கிய தொலைக்காட்சி நிலையங்கள் வானொலியின் மனப்பாங்கையே மரபுரிமையாகப் பெற்றன. கலைஞர்கள் தேர்வு செய்யப்பட்டனர்; தரம் பிரிக்கப்பட்டனர். ஆயின் ஒருவர் ஏன் உயர்தரம் பெற்றார், மற்றொருவர் ஏன் பெறவில்லை என்பது கேட்போர்க்கு ஒருபோதும் கூறப்படவில்லை. மதிப்பீடு மூடிய அறையில் நிகழ்ந்தது; முடிவு மட்டுமே வெளிவந்தது. கச்சேரி ஒளிபரப்பானது, இரசனை ஒளிபரப்பாகவில்லை.

ஐதராபாத் தரும் சான்று

ஈநாடு தொலைக்காட்சி 1995 ஆகஸ்டு 27இல் ஐதராபாத்தில் தொடங்கப்பெற்றது. 1996இல் அது ஒளிபரப்பத் தொடங்கிய ‘பாடுதா தீயகா’ என்னும் பாட்டுப்போட்டியை எஸ்.பி. பாலசுப்பிரமணியம் (1946–2020) நடத்தினார். நிகழ்ச்சியின் பெயர் ‘மூகமனசுலு’ (1964) திரைப்படத்தில் கண்டசாலா பாடிய பாடலினின்று பெறப்பட்டது. அப்பாடலுக்கு இசையமைத்தவர் நாஞ்சில் நாட்டினரான கே.வி. மகாதேவன்; ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), ‘சங்கராபரணம்’ (1980) ஆகியவற்றின் இசையும் அவருடையதே. எனவே இந்நிகழ்ச்சியைத் தெலுங்கருக்கு மட்டும் உரியதென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

போட்டியில் பாடப்பெற்றவை திரைப்பாடல்களே. எனினும் சுருதி விலகிய இடம், தாளம் தப்பிய இடம், எழுத்தொலி சிதைந்த இடம் ஆகியன பாடியவர் முன்னும் பார்வையாளர் முன்னும் அப்போதே சுட்டப்பட்டன. பாடலாசிரியர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் மரியாதையுடன் சொல்லப்பட்டன. அரசு ஊடகம் மூடிய அறையில் செய்ததை வணிக ஊடகம் அரங்கிலேயே செய்தது. தொலைக்காட்சியில் ழகரம் சாகிறது என வருந்தும் தமிழறிஞர்கள், ஒலிப்புப் பிழையைத் திரையிலேயே திருத்திய இந்நிகழ்ச்சியை ஆய்வுப்பொருளாகக் கொள்ளாதது வியப்புக்குரியது.

மாறிய அளவுகோல்

இதனால் தனியார் தொலைக்காட்சி குற்றமற்றது என்பது பெறப்படாது. அதன் மீதான உண்மையான குற்றச்சாட்டு வேறு. ஜீ தொலைக்காட்சி 1995இல் தொடங்கிய நிகழ்ச்சிக்கு ‘ச ரி க ம’ என்று பெயர். சன் தொலைக்காட்சியில் புகழ்பெற்றது ‘சப்தஸ்வரங்கள்’. பெயர் செவ்வியல் இசையினது, பொருள் திரையிசையினது. செவ்வியல் இசையின் மதிப்பு கடனாகப் பெறப்பட்டது. அதன் உயிர்நிலை பெறப்படவில்லை.

அவ்வுயிர்நிலை மனோதர்மம். திரைப்பாடல் போட்டியில் மூலப்பாடகர் பாடியவாறே பாடுதல் சிறப்பு; சங்கதி மாறின் அது பிழை. கச்சேரி மேடையிலோ கீர்த்தனையின் கட்டமைப்பைக் காத்துக்கொண்டே ஆலாபனையிலும் நிரவலிலும் கற்பனாசுரத்திலும் புதியதைப் படைத்தல் சிறப்பு. பிறர் பாடிய கல்யாணியை அவ்வாறே பாடின் அது குறை. வீடுதோறும் இலட்சக்கணக்கான செவிகள் வாரந்தோறும் முதல் அளவுகோலில் பழக்கப்பட்டன. பிழையின்மையே இசைத்திறன் என்னும் எண்ணம் வேரூன்றியது. செவ்வியல் இசை இழந்தது நேரத்தை மட்டுமன்று. படைப்பாற்றலை மதிக்கும் கேட்போரையும் ஆகும்.

சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன் முதலியோர் இலக்கணத்தோடு, ஏழுகோல் அகலமும் எட்டுகோல் நீளமும் ஒருகோல் உயரமும் கொண்ட அரங்கின் அளவையும் வகுத்துரைப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அரங்கின் அளவு கலையின் அளவையும் வரையறுக்கும் என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார். தொலைக்காட்சி அரங்கு கோலால் அளக்கப்படுவதன்று; விளம்பரங்களுக்கு இடைப்பட்ட நிமிடங்களால் அளக்கப்படுவது. இரவு முழுதும் ஆடப்பெற்ற குச்சிப்புடியின் பாமாகலாபம் அந்நிமிடங்களுள் எவ்வாறு அடங்கும்?

எதிர்வாதம்

ஜெயா தொலைக்காட்சி 2000களில் மார்கழிக் கச்சேரிகளை ஒளிபரப்பியதையும், திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2008இல் தனி அலைவரிசை தொடங்கியதையும் சிலர் சுட்டுவர். இவை போற்றத்தக்கவை. ஆயின் முன்னது பருவத்தோடு முடிவது. பின்னது பக்தியின் நிழலில் நிற்பது. இரண்டும் கேட்டுப் பழகியோர்க்கு விருந்து. பழகாதோர்க்குப் பயிற்சி அல்ல.

பொறுப்பு வணிகருக்கு மட்டும் உரியதன்று. தமிழிசை இயக்கம் 1940களில் மேடையோடு நில்லாது வானொலியிலும் தமிழ்ப்பாடலுக்கு இடம் கேட்டது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அரைநூற்றாண்டிற்குப் பின், அலைவரிசைகள் பொதுச்சொத்து என உச்சநீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. வானொலிக் காலத்தில் இல்லாத சட்டப்பின்புலம் கிட்டியபோது, வானொலிக் காலத்தில் இருந்த குரல் இல்லாமற்போயிற்று. முத்தமிழ் என முழங்கும் துறைகள் இயற்றமிழோடு அமைந்தன.

முடிவுரை

‘வணிகம் கலையைக் கொன்றது’ என்னும் கூற்று எளிதானது. கூறுவோரைப் பொறுப்பினின்று விடுவிப்பது. ஐதராபாத் நிகழ்ச்சி மெய்ப்பிப்பது வேறொன்று: காரணம் காட்டி மதிப்பிட்டால் பொதுமக்கள் அமர்ந்து கேட்பர். அவ்வாறே மனோதர்மத்தையும் காரணம் காட்டி மதிப்பிடும் அரங்கு தமிழில் ஏன் அமையவில்லை என்பதே ஆராயப்பட வேண்டிய வினா. அதற்குத் தொடக்கமாக, அக்காலத் தொலைக்காட்சிப் பதிவுகள் அழியுமுன் திரட்டப்பட்டு, தமிழ்த்துறைகளில் மூலச்சான்றுகளாகப் பயிலப்படல் வேண்டும். கேட்காமலே தீர்ப்பு வழங்குதல் இசைக்கும் பொருந்தாது, ஆய்விற்கும் பொருந்தாது.