ரோம் சட்டம் ஒரு கிளிக்ல, உத்திரமேரூர் எங்கே?

சென்னீர்குப்பத்துல ஒரு ரூம்ல உட்கார்ந்துகிட்டே, கி.பி. 533-ல ஜஸ்டினியன் பேரரசர் வெளியிட்ட ரோமானியச் சட்டத் தொகுப்பைத் திறக்கலாம். 'தி லத்தீன் லைப்ரரி' தளத்துல மூலமே எழுத்து வடிவத்துல இருக்கு. 1140 வாக்கில் கிரேஷியன் தொகுத்த திருச்சபைச் சட்டத்தை ஜெர்மனியின் பவேரிய மாநில நூலகம் ஆன்லைன்ல வெச்சிருக்கு. காசு வேண்டாம்.

இப்போ நம்ம பக்கத்துச் சட்டத்தைத் தேடுங்க. பூந்தமல்லியில இருந்து காஞ்சிபுரம் போய் பஸ் மாறினா உத்திரமேரூர். அங்க வைகுண்டப் பெருமாள் கோவில் சுவர்ல, முதலாம் பராந்தகச் சோழன் காலத்துல 919, 921 ஆண்டுகள்ல வெட்டின தேர்தல் விதிகள் இருக்கு. ஸ்கூல்ல படிச்ச குடவோலை முறைதான். "உலகத்துக்கே ஜனநாயகம் சொல்லிக்கொடுத்தோம்"னு அப்பப்போ ஃபார்வர்டும் வருது. ஆனா கல்வெட்டையே படிச்சவங்க நம்மள்ல எத்தனை பேர்?

படிச்சா கதை மாறுது. மொத்தம் 30 குடும்புகள். ஓலையில பேர் எழுதிக் குடத்துல போட்டு, ஒரு சின்னப் பையனை எடுக்கச் சொல்றாங்க. பதவியில இருந்து கணக்கு காட்டாதவரும், அவரோட நெருங்கின சொந்தக்காரங்களும் தகுதி இழக்கறாங்க. இன்னிக்கும் பொறாமைப்பட வைக்கற விதி! அதே 921 கல்வெட்டு, வயசு 35-லிருந்து 70-க்குள்ள, வரி கட்டற நிலம் கால் வேலிக்கு மேல, சொந்த மனையில வீடு, வேத அறிவு எல்லாம் வேணும்னும் சொல்லுது. அது பிராமணர்களுக்குத் தானமா கொடுத்த ஊரோட சபை. நிலமே இல்லாதவன் பேர் அந்தக் குடத்துக்குள்ள போகாது. பெருமையும் குறையும் ஒரே சுவர்லதான் இருக்கு. ஃபார்வர்டு பாதியைத்தான் காட்டுது.

மூலம் சுலபமா கிடைக்காததும் இதுக்கு ஒரு காரணம். 1890-ல தொடங்கின 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகள் ஆர்க்கைவ் தளத்துல இருக்கு, ஆனா ஸ்கேன் பண்ண பக்கங்களா. நடுநடுவே கிரந்த எழுத்து வர்றதால ஓசிஆர் தடுமாறுது. ஒரு சொல்லைத் தேடிப் பிடிக்கறதே பெரும்பாடு. 'தர்மா'ங்கற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளை எக்ஸ்எம்எல் ஆக்கி கிட்ஹப்ல போட ஆரம்பிச்சிருக்கு. சந்தோஷம். ஆனா வேலை மலை மாதிரி கிடக்கு, அதை அவங்க மட்டும்தான் செய்யணுமா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னொரு ஃபேஸ் ரெகக்னிஷன் அட்டெண்டன்ஸ் வேண்டாம் மச்சி. கிரந்தம் கலந்த தமிழுக்கு ஒரு நல்ல ஓசிஆர் பண்ணுங்க. அது பெருசா தெரிஞ்சா, ஒரே ஒரு கல்வெட்டை டைப் பண்ணி, ரெண்டு பேர் சரிபார்த்து, விக்கிமூலத்துல ஏத்துங்க. அடுத்த ஃபார்வர்டுக்கு லிங்க்கோட பதில் சொல்லலாம்.