பொதுச் சுவர்

துறைமுகத்தில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்ற நம் நண்பர் ஒருவர், சேமநிதியாகக் கைக்கு வந்த பணம் முழுவதையும் ஒரு வீட்டில் போட்டுவிடத் தீர்மானித்திருக்கிறார். திருவொற்றியூரில் இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருந்தார். ஒன்று, அடுக்கு மாடிக் கட்டிடத்தில் மூன்றாவது மாடி. மற்றொன்று, 'டௌன் ஹவுஸ்' என்ற பெயரில் விற்கப்படும் வரிசை வீடு. எது தேவலை என்று நம்மைக் கேட்டார். பிறர் பணத்தைச் செலவழிக்க யோசனை சொல்வதைப் போல் சுலபமான காரியம் வேறில்லையாதலால், உடனே அவருடன் கிளம்பிவிட்டோம்.

பெயர்தான் புதிது, சரக்கு பழையது. ராயபுரத்துச் சந்துகளில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். இங்கே மிளகாய் வறுத்தால் அங்கே தும்மல்.

மாடி வீட்டை வாங்குகிறவருக்கு மண்ணில் கிடைப்பது பிரிபடாத பங்கு ஒன்றுதான். அது எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்ட முடியாது. வேறிடமாயிருந்தால் இதைப் பெரிதுபடுத்த மாட்டோம். ஆனால் இந்தக் கடற்கரையில் உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவேறிய கம்பி பருத்து, மேற்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. கட்டிடம் மண்ணைவிடச் சீக்கிரம் கிழடாகிறது. 2021 டிசம்பர் 27-ந் தேதி இதே திருவொற்றியூரில், 1993-ல் கட்டப்பட்ட குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு முன்னதாகவே வெளியேறியதால் ஜனங்கள் உயிர் பிழைத்தார்கள். இப்படிக் கிழடான கட்டிடத்தைத் திருப்பிக் கட்ட வேண்டுமானால், மாடி வீட்டுக்காரர் ஊரையே கூட்டிச் சம்மதம் வாங்க வேண்டும். வரிசை வீட்டுக்காரர் இடது பக்கத்தாரையும் வலது பக்கத்தாரையும் சரிக்கட்டினால் போதும்.

போதும் என்று சொல்லிவிட்டோமே தவிர, அந்த இரண்டு பேர் விஷயம் லேசானதல்ல. நண்பர் பளிங்குத் தரையைத் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து பார்த்தார். சுவர் யாருடையது என்று கேட்கவில்லை. பத்திரத்தில் நான்கெல்லை சொல்லுமிடத்தில் அது பொதுச் சுவரா, தனிச் சுவரா என்று எழுதியிருக்க வேண்டும். இரு வீட்டுத் தளமும் ஒரே வார்ப்பா, கழிவுநீர்க் குழாய் யார் வீட்டுக்கு அடியில் போகிறது, நாளைக்குப் பக்கத்து வீட்டார் இன்னொரு மாடி எழுப்பினால் பாரம் எதன் மேல் விழும் என்பதையெல்லாம் முன்பணம் கொடுக்கும் முன் கேட்பது நலம். பின்னால் கேட்டால் வக்கீல்தான் பதில் சொல்லுவார். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம் செலுத்திய பிறகு, வக்கீலுக்கும் கொடுக்க நண்பரிடம் மிச்சம் இராது.

தரகர், 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்துவிட்டதை மூன்று தடவை சொன்னார். துறைமுகம் கட்டிய நாள் முதல் அதற்கு வடக்கே கடல் கரையைத் தின்று வருவதையும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதையும், அதே மாதம் 26-ந் தேதி இரவு பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடியதையும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவர் தொழில் அப்படி.

நாங்கள் மூவரும் வாசலில் நின்று வாதித்துக் கொண்டிருக்கையில், நண்பரின் மனைவியார் பக்கத்து வீட்டு அம்மாளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி, அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தார். அந்த வெள்ளத்தில் தண்ணீர் வாசற்படியில் எத்தனாவது படி வரை ஏறிற்று, காற்று எந்த மாதங்களில் ரசாயன நெடியோடு வீசும், நடுச் சுவரில் ஓதம் எப்போது தொடங்கியது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அந்த அம்மாள் நல்லவர்கள். ஆனால் மூலப்பத்திரத்தைப் பார்க்காமல் ஒரு காசு கொடுக்க வேண்டாம்" என்றார்.

மறுநாள் காலை நண்பர் வில்லங்கச் சான்றிதழுக்கு மனுப் போட்டார்.