ரிப்பேர் பட்டனும் இரண்டாவது ரிஜிஸ்தரும்

"ஆக்சஸ் ஃபைல் கெட்டுப்போச்சு சார், டைப் அடிக்கிற பொண்ணு எதையோ அழுத்திட்டாங்க." இனி யார் இப்படிச் சொன்னாலும் சண்டைக்குப் போவதாக இருக்கிறேன். எழுபதைத் தாண்டியவனுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. உறுப்பினர் பட்டியலும் சந்தாக் கணக்கும் இன்றும் ஏதோ ஒரு பழைய மைக்ரோசாப்ட் ஆக்சஸ் ஃபைலில் கிடப்பதை நானே பார்க்கிறேன். அது ஏன் கெடுகிறது என்று கேட்க மட்டும் ஆளில்லை.

வங்கியில் கணக்குப் புத்தகத்தைத் தொடுவது சர்வர் ஒன்றுதான். மற்றவர்கள் சீட்டு எழுதி நீட்டுகிறார்கள். ஆக்சஸில் அப்படியல்ல. நாலு கம்ப்யூட்டரும் பொது ஃபோல்டரில் உள்ள ஒரே புத்தகத்தை நேரடியாகப் பிரித்து எழுதுகின்றன. எழுதும் நொடியில் கரண்ட் போனாலோ, நெட்வொர்க் ஒயர் ஆடினாலோ, பக்கம் பாதியில் நிற்கும். வைஃபையில் ஓட்டினால் ஆபத்து இன்னும் அதிகம். ஃபைல் 2 ஜி.பி.க்கு மேல் வளரவும் முடியாது. யு.பி.எஸ். வாங்காமல் விட்டது யார்? வைஃபை போதும் என்றது யார்? டைப் அடிக்கும் பெண்ணா?

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இப்படி ஃபைல் கெட்டபோது, மெமோ போனது கடைசியாக அதைத் திறந்த பெண் ஊழியருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்பது மேலதிகாரியின் வாதம். இங்கிலாந்தின் போஸ்ட் ஆபீசிலும் இதே வாதம்தான். ஹொரைசன் என்ற சாஃப்ட்வேர் காட்டிய பொய்க் கணக்கை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டவர்களைக் குற்றவாளிகளாக்கினார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். 2024இல் தனிச் சட்டம் போட்டுத்தான் அந்தக் களங்கத்தைத் துடைத்தார்கள்.

"காம்பாக்ட் அண்ட் ரிப்பேர் பட்டன் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் படிக்க முடியாத வரிகளை அது சத்தமில்லாமல் விட்டுவிடவும் கூடும். ஆகவே முதலில் எல்லோரையும் வெளியேறச் சொல்லுங்கள். கெட்ட ஃபைலை அப்படியே நகல் எடுத்து, நகலில் மட்டும் ரிப்பேர் செய்யுங்கள். முடியாவிட்டால் புதிய காலி டேட்டாபேஸ் ஒன்றைத் திறந்து, அட்டவணைகளை ஒவ்வொன்றாக இறக்குமதி செய்யுங்கள். கடைசியில் வரிகளை எண்ணி, கூட்டுத்தொகையை ரசீதுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துப் பார்க்காத ரிப்பேர், ரிப்பேர் அல்ல. பிறகு அட்டவணைகளை ஒரு ஃபைலாகவும், ஃபாரம்களை ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி ஃபைலாகவும் பிரித்து வையுங்கள்.

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று உண்டு. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அது எத்தா சிவிலிலிருந்து நினைவுக்கு வருகிறது. பிறப்பு, திருமணம், இறப்பைப் பதியும் அந்த ரிஜிஸ்தரை இரண்டு பிரதியாக எழுத வேண்டும் என்று 1804இன் பிரெஞ்சு சிவில் சட்டமே சொல்கிறது. ஒன்று ஊர் மேரியில். மற்றது நீதிமன்றப் பதிவகத்தில். கம்ப்யூட்டர் கனவில்கூட இல்லாத காலத்து பேக்கப் அது.

அதையும் ஒருமுறை விதி வென்றது. 1871 மே மாதம், பாரிஸ் கம்யூன் கலவரத்தில் நகர மண்டபமும் நீதிமன்றமும் எரிந்தன. இரண்டு பிரதிகளும் ஒரே ஊரில் இருந்ததால், 1860க்கு முந்தைய பாரிஸ் பதிவுகள் சாம்பலாயின. பல ஆண்டு உழைத்தும் மூன்றில் ஒரு பங்கைத்தான் மீட்க முடிந்தது.

அப்படியிருக்க, அதே கம்ப்யூட்டரில் இன்னொரு ஃபோல்டரில் நகல் வைத்துவிட்டு பேக்கப் என்று சொல்லிக்கொள்கிறோம்! 2011 டிசம்பர் 30 அன்று எங்கள் கடலூர் மாவட்டத்தைத் தானே புயல் புரட்டிப் போட்டது. கூரை போனால் கம்ப்யூட்டரும் நனையும், அதன் பக்கத்து பீரோவில் இருக்கும் பென் டிரைவும் நனையும்.

வாரம் ஒரு நகல், வேறொரு வீட்டில். செலவு ஒரு பென் டிரைவ். இதைச் செய்யச் சொல்லாத தலைவரும் செயலாளரும், ஃபைல் கெட்ட அன்று மெமோ எழுதப் பேனாவைத் தேடட்டும். முகவரியில் மட்டும் தங்கள் பெயரையே எழுதிக்கொள்ளட்டும்.